அயல்நட்பும் மனித உரிமையும்

றொசல்லப் புகையிரத நிலையம் மிகச் சிறியது. வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி ஏறும் வண்டி, சிறிது நேரம் மூச்சு வாங்கிக்கொள்வதற்காகவே அங்கு நிற்கின்றதோ என்று தோன்றும். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், மாலை வேளைகளில் அந்நிலையத்தின் வாங்கில் அமர்ந்து பத்திரிகை வாசிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு அமர்ந்திருந்த ஒரு மாலை, உயர்தர வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். என் கையிலிருந்த பத்திரிகையின் தலைப்பைப் பார்த்துவிட்டு இவ்வாறு கேட்டான்:

“சேர், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடும்போதெல்லாம் இந்தியா எவ்வாறு வாக்களிக்கும் என்று பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். இந்தியா கை உயர்த்தினால் நமக்கு என்ன? உயர்த்தாவிட்டால்தான் நமக்கு என்ன?”

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் உடனே விடை கூறியிருக்க வேண்டும். என்னால் இயலவில்லை. அவனுடைய வினா என்னோடு வீட்டுக்கு வந்தது. பல நாட்கள் என்னோடு தங்கியது. அதற்கு என்னளவில் நான் கண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் அவன் குறிப்பிட்ட வாக்குகளையே எடுத்துக்கொள்வோம். 2009இல் போர் முடிந்த உடனே கூடிய சிறப்புக் கூட்டத்தில், இலங்கை அரசாங்கம் தனக்குச் சாதகமாகக் கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைக் குறைகூறும் தீர்மானங்களுக்கு ஆதரவாக வாக்களித்தது. 2014இலும், பின்னர் 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் எப்பக்கமும் சாராது விலகிநின்றது. இலங்கையின் நிலையும் ஒரே சீரானதன்று. 2015இல் தானே இணைந்து முன்மொழிந்த தீர்மானத்திலிருந்து 2020இல் அது விலகிக்கொண்டது. இவ்வாண்டுகளில் மனித உரிமையின் இலக்கணம் மாறிவிடவில்லை. மாறியவை அரசாங்கங்களும் அவற்றின் தேவைகளுமே. அயல்நாட்டுடன் நட்பு வேண்டியபோது ஒரு சொல், நெருக்குதல் வேண்டியபோது வேறொரு சொல். இதனைக் கண்டு மாணவன் ஒருவன் சலிப்படைவானாயின் அவனைக் குறைகூற முடியாது.

ஆயினும், மலையகத்து மக்களாகிய நாம் ஓர் அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கொள்கையை அளந்தறிவதற்கு ஜெனீவா வரை போகவேண்டியதில்லை. அவ்வளவை நம்முடைய புகையிரத நிலைய மேடையிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதற்கு 1948ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

சுதந்திர இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தேயிலையும் இறப்பரும் பயிரிடும் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோர் அச்சட்டத்தினால் நாடற்றவராயினர். அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. நுவரெலியாவின் பிரதிநிதியாகச் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றிருந்தார். 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. அச்சட்டங்களின் செல்லுபடியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோல்வியில் முடிந்தது.

பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10ஆந் திகதி, பாரிஸ் நகரிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்தவராக, அதாவது ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டென்றும், எவரிடமிருந்தும் அதை மனம்போனபடி பறித்தலாகாதென்றும் அதன் 15ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை அப்பொழுது ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரில்தான் இடம் கிடைத்தது. இந்தியாவோ பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடு. அதன் முதலாம் உறுப்புரையில் ஆண்பாலை மட்டும் சுட்டிய சொல்லை நீக்கி, மனிதர் யாவரையும் குறிக்கும் சொல்லை இடச்செய்த பெருமை இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்குரியது. மனிதர் யாவரும் என்ற அச்சொல்லுக்குள் றொசல்லத் தோட்டத்துக் கொழுந்துக்காரியும் அடங்குவாள் என்பதில் ஐயமுண்டா?

இந்தியாவின் அன்றைய நிலையை நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் இந்தியர் இழிவாக நடத்தப்படுவதை 1946இலேயே ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்ற நாடு அது. அது உள்நாட்டு விவகாரம் என்று தென்னாபிரிக்கா வாதாடியபோது, மனித உரிமைக்கு எல்லைக்கோடு இல்லை என்ற நிலையில் உறுதியாக நின்றது. இலங்கை விடயத்திலும் பிரதமர் நேரு, இம்மக்களுட் பெரும்பாலோர் இலங்கைக்கு உரியவர்களே என்றும், அவர்களை இந்தியா தன் பிரஜைகளாகத் தானாகவே ஏற்கமுடியாதென்றும் கூறிவந்தார். கொள்கையளவில் அது நேரிய நிலைதான். ஆனால் அதன் பயன் யாது? இலங்கை எம்மை இந்தியர் என்றது. இந்தியா எம்மை இலங்கையர் என்றது. இரண்டு வீட்டுக்கும் உறவாயிருந்தும் இரண்டு வீட்டுத் திண்ணையிலும் இடமில்லாத விருந்தாளியின் நிலை எமக்கு வாய்த்தது. 1949ஆம் ஆண்டின் இந்தியர் பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரஜாவுரிமை பெற்றவர்களோ ஏறக்குறைய 1,34,000 பேர் மாத்திரமே. லயத்து அறையில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் என்றால் என்னவென்றே அறியாது வளர்ந்தவர்களிடம் பத்திரங்களைக் கேட்டால் வேறென்ன நேரும்?

1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதனால் முடிச்சு அவிழவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் பாண்டுங் மகாநாட்டில் அமர்ந்திருந்தனர். ஆசிய ஆபிரிக்க நாடுகளின் அம்மகாநாட்டு அறிக்கை, உலகப் பிரகடனத்தை எல்லா மக்களும் எய்தவேண்டிய பொது அளவாகக் குறிப்பிட்டது. அது வகுத்த பத்துக் கொள்கைகளுள் முதலாவது அடிப்படை மனித உரிமைகளை மதித்தலே. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இக்காட்சி மீண்டும் அரங்கேறியது. 1964 ஒக்டோபர் முற்பகுதியில் கெய்ரோ நகரில் அணிசேரா நாடுகளின் உச்சி மகாநாடு கூடியது. நேரு மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இந்தியாவின் சார்பில் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கையின் சார்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கலந்துகொண்டனர். தென்னாபிரிக்காவின் நிறவெறியை அம்மகாநாடு வன்மையாகக் கண்டித்தது. கண்டித்தது முற்றிலும் சரியே.

ஆனால் அம்மாதம் முடிவதற்கு முன்னரே, ஒக்டோபர் 30ஆந் திகதி, அவ்விரு பிரதமர்களும் புதுடில்லியில் இன்னொரு பத்திரத்தில் கையொப்பமிட்டனர். அதற்கு ‘சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்’ என்று பெயர். நாடற்றோர் தொகை 9,75,000 என மதிக்கப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளோடு, இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசிக்கொள்வது. நான்கு பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கினால் ஏழு பேர் கப்பலேற வேண்டும் என்பது கணக்கு. பதினைந்து ஆண்டுகளில் யாவும் முடிவுற வேண்டும் என்பது தவணை. பத்திரத்தில் தரப்பினர் இருவரே: ஓர் அரசாங்கமும் இன்னோர் அரசாங்கமும். யாரைப் பற்றியதோ அவர்கள் தரப்பினராக இல்லை.

இவ்விடத்தில் இரு தரப்பு நியாயங்களையும் மறைக்காது கூறுதல் வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவரின் நிலத்தைத் தோட்டங்கள் விழுங்கிவிட்டன என்ற மனக்குறை இலங்கையில் இருந்தது. அது முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் அந்நிலத்தை விழுங்கியவை வெள்ளையர் கம்பெனிகளேயன்றி, அங்கு கூலிக்கு உழைத்தவர் அல்லர். இந்தியாவோ 1962இல் சீனாவுடன் போரிட்டுக் களைத்திருந்தது. அப்போரின் பின் சமரசம் காண முயன்ற ஆறு நாடுகளின் மகாநாடு கூடியதே கொழும்பில்தான். அயலில் ஒரு நண்பரையேனும் நிச்சயமாக்கிக்கொள்ள வேண்டிய தேவை புதிய பிரதமருக்கு இருந்தது. மேலும், பதினாறு ஆண்டுகளாக அசையாதிருந்த ஒரு விவகாரம் அசைந்தது. மூன்று இலட்சம் பேருக்காவது இலங்கைப் பிரஜாவுரிமை உறுதியாயிற்று. நேருவின் நேரிய கொள்கை சாதிக்காததைச் சாஸ்திரியின் சமரசம் சாதித்தது என்று கூறுவாருமுளர். அவ்வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன்.

அங்ஙனமாயின் பிழை எங்கே? ஒப்பந்தம் செய்ததில் பிழையில்லை. மனிதரைக் கேட்பதற்கு முன் எண்ணிக்கையைத் தீர்மானித்ததே பிழை. முதலில் பங்கு பிரித்துவிட்டு, பின்னரே எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் கேட்டார்கள். விண்ணப்பங்கள் வந்தபோது உண்மை வெளிப்பட்டது. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியோர் தொகை ஒதுக்கப்பட்ட பங்கை மிக விஞ்சியது; இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் தொகை ஒதுக்கப்பட்ட பங்கை எட்டவேயில்லை. எந்த அரசாங்கமும் எம்மிடம் நடத்தத் துணியாத வாக்கெடுப்பின் முடிவு அதுவே. வாக்குரிமை இழந்த மக்கள் விண்ணப்பப் படிவத்தையே வாக்குச்சீட்டாக்கிக் கொண்டனர். ஆனால் அவ்வாக்கை எண்ணுவார் இல்லை.

எண்கள் ஒருபுறமிருக்க, அவ்வெண்களுள் ஐந்தினை நான் நன்கறிவேன். என் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். என் தந்தையாரும் பெரியப்பாவும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பிரட்டுக்களத்தில் நின்று, ஒரே மலையில் வேலை செய்தவர்கள். தந்தையார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். பெரியப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். ஏன் அவ்வாறு செய்தார் என்று பலமுறை எண்ணியதுண்டு. இந்தியா அவர் கண்ட நாடன்று. தாத்தா சொன்ன கதைகளில் கேட்ட நாடு. “இங்கே எத்தனை நாளைக்குக் கள்ளத்தோணி என்று கேட்டுக்கொண்டிருப்பது?” என்று அவர் சொன்னது மட்டும் என் செவியில் இருக்கிறது.

1973ஆம் ஆண்டு, எனக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. தோட்டங்களில் பஞ்சம் தலைகாட்டிய காலம். றொசல்ல மேடையில் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மூட்டைகளும் வைக்கப்பட்டிருந்தன. வண்டி நாவலப்பிட்டிக்கு இறங்கிப் பொல்காவலையில் வடபகுதிப் பாதைக்கு மாறி, அனுராதபுரம் கடந்து தலைமன்னார் சேரும். அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரம் போகும். பின்னர் மண்டபம் முகாம். இவ்வளவும் எனக்குப் பூகோளப் பாடத்தில் தெரிந்தவை. தெரியாதது, பெரியம்மா ஏன் அம்மியை எங்கள் வீட்டில் விட்டுச்செல்கிறாள் என்பதே. “வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மி இன்றும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அவர்கள் கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நிறுவிய தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பெற்றனர். நல்லூழ் என்றே சொல்லவேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. கொடைக்கானல் மலைகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியவரும் உளர். இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்ட பெரியப்பா, அங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டதாகக் கடிதம் எழுதினார். ஒப்பந்தம் அவருக்குப் பிரஜாவுரிமை தந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடேன். ஆனால் ஓர் ஊரை அது தரவில்லை.

பெரியப்பா புறப்படுவதற்கு முந்திய ஆண்டில் உகண்டாவின் இடி அமீன், ஆசிய வம்சாவளியினரைத் தொண்ணூறு நாட்களில் வெளியேறுமாறு கட்டளையிட்டான். உலகம் அதிர்ந்தது, அதிர்ந்ததும் தகும். பர்மாவில் 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் கடைகளையும் தொழில்களையும் 1964இல் அரசுடைமையாக்க, வாழ்விழந்த இந்தியர் இலட்சக்கணக்கில் சென்னைக்கும் பிற துறைமுகங்களுக்கும் கப்பலேறினர். அவற்றோடு நம்முடைய ஒப்பந்தத்தை ஒருதட்டில் வைப்பது நியாயமன்று. இங்கே பதினைந்தாண்டுத் தவணையும், சேமலாப நிதியைக் கொண்டுசெல்லும் வசதியும் இருந்தன. எனினும் ஓர் ஒற்றுமையை நோக்குக. கொடுங்கோலன் தனித்து ஓட்டினால் அது மனித உரிமை மீறல் எனப்படும். இரு நல்ல அரசாங்கங்கள் கைகுலுக்கிப் பிரித்துக்கொண்டால் அது அயல்நட்பு எனப்படும். உலகத்தின் கண் முன்னதைக் காண்கிறது, பின்னதைக் காண்பதில்லை. ஏனெனில் அங்கே முறையிடுவதற்கு எந்த நாடும் எஞ்சுவதில்லை.

1974இல் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தியும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பங்கிட்டனர். 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மகாநாடு கொழும்பில் கூடியபோது, ஒடுக்கப்பட்ட மக்களுக்காக அங்கு எழுந்த குரல்களை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எமக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் வகுப்பில் அவ்வாண்டும் சில வாங்குகள் வெறுமையாயின. ‘ஊருக்கு உபதேசம்’ என்று நம் மக்கள் கூறுவது இதைத்தான்.

பின்னர் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பஞ்சமும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும், இங்கு இருக்க விரும்பியவரையும் துரத்தின. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியா சென்றனர். 1984இல் போர்ச்சூழலால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. ஒப்பந்தமும் அத்துடன் நின்றது. இந்தியா ஏற்கவேண்டிய கணக்கில் எஞ்சிய சுமார் 94,000 பேரை இலங்கையே ஏற்பதற்கு 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003 ஒக்டோபரில், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி தொடக்கம் இங்கு நிரந்தரமாக வசித்தவரும் அவர்தம் சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகளாயினர்.

அத்திகதியைக் கவனியுங்கள். மனிதரை எண்ணிக்கையாக்கிய ஒப்பந்தத்தின் திகதியே அவர்களை மீண்டும் மனிதராக்கிய சட்டத்தின் திகதியும் ஆயிற்று. இதற்கு ஒரு கப்பலும் தேவைப்படவில்லை. ஓர் உச்சி மகாநாடும் தேவைப்படவில்லை. இங்கே வாழ்பவர் இந்நாட்டவர் என்று உள்ளூர்ப் பாராளுமன்றம் ஒப்புக்கொண்டதே போதுமாயிருந்தது. இராஜதந்திரம் ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அவிழ்க்காத முடிச்சை ஒரு சிறு சட்டம் அவிழ்த்தது.

ஆயினும் கணக்கு முற்றாகத் தீரவில்லை. 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழ்நாடு சென்றவர்களுள் மலையக வம்சாவளியினரும் பலர். 2019இல் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தவர்க்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்க்குத் திறக்கவில்லை. மறுபுறம், அதே இந்தியா மலையகத்தில் நாலாயிரம் வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. பிரதமர் நரேந்திர மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில், நம் அயலிலேயே, இன்னும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். தந்ததற்கு நன்றி கூறுவோம். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. வீடு தருபவர் முகம் பார்த்துத் தருவார். உரிமைக்கு முகம் தேவையில்லை.

இனி அம்மாணவனுக்கு நான் சொல்லும் விடை இது: தம்பி, ஓர் அரசாங்கம் தூரத்து நாட்டின் மனித உரிமைக்காகக் கை உயர்த்துவதைக் கொண்டு அதன் மனச்சாட்சியை அளவிடாதே. அது எளிது, செலவில்லாதது. தனக்கு நட்பு வேண்டிய அயலவனோடு மேசையில் அமரும்போது, அம்மேசையில் இல்லாத மனிதனை அது எவ்வாறு எண்ணுகிறது என்று பார். பெயராக எண்ணுகிறதா, தொகையாக எண்ணுகிறதா என்று பார். ஜெனீவாவிலாயினும் டில்லியிலாயினும் கொழும்பிலாயினும் உன்னைப் பற்றிய பேச்சு நடக்குமாயின், இந்தியா கை உயர்த்துமா என்று கேட்பதற்கு முன், என்னைக் கேட்டார்களா என்று கேள். உன் பாட்டனிடம் வாக்குரிமை இருக்கவில்லை. ஆகவே அவர் கேட்க முடியவில்லை. உன்னிடம் அது இருக்கிறது.

இவ்விடையை அவனிடம் நேரில் சொல்வதற்காக நேற்றும் நிலையத்துக்குச் சென்றேன். மழை பிடித்துக்கொண்டது, அவன் வரவில்லை. ஹட்டன் பக்கமிருந்து இறங்கி வந்த வண்டி, ஐம்பதாண்டுகளுக்கு முன் பெரியப்பா குடும்பத்தை ஏற்றிக்கொண்ட அதே திசையில் நாவலப்பிட்டியை நோக்கிச் சென்றது. பாடசாலைப் பிள்ளைகளும் கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர்களும் ஏறினர். அவர்கள் திரும்பி வருவார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் தேசிய அடையாள அட்டை ஒன்று இருக்கும். அது கிடைப்பதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.